பார் சார்ட்டில் புத்தகப் படம் போட்டேன், ஒட்டடைக்குச்சி மாதிரி நீள்கிறது. என்ன வழி?

நூலகக்குருவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எக்ஸெலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டல், சராசரி, சாதாரண சார்ட், அவ்வளவுதான். ஒரு சின்ன நூலகத்தில் வேலை. எந்தப் பிரிவிலிருந்து எத்தனை புத்தகம் இரவல் போனது என்று வருஷக் கடைசியில் ஒரு பக்க அறிக்கை போடுவது என் பொறுப்பு. இந்த வருஷக் கணக்கு இது: சிறுவர் பிரிவு 1,180, கதை 940, வரலாறு 310, அறிவியல் 275, கவிதை 90.

போன வருஷம் ஐந்து நீலத் தூண்களை வரிசையாக நிறுத்தி, பிரின்ட் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஒரு மாதம் தொங்கியது. நின்று பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர் பக்கத்திலிருந்த கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறார். அதனால் இந்த முறை தூணுக்குப் பதில் புத்தகப் படம் வைக்கலாம் என்று இறங்கினேன்.

முதல் முயற்சி: புத்தகம் ஒன்றை போனில் படம் பிடித்து, காப்பி செய்து, சார்ட்டில் தூணைக் கிளிக் செய்து கன்ட்ரோல்-வி அடித்தேன். படம் உள்ளே வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் சிறுவர் பிரிவில் புத்தகம் ஒட்டடைக்குச்சி மாதிரி கூரை வரை நிற்கிறது. கவிதையில் அதே புத்தகம் ரோடு ரோலர் ஏறியதுபோல் தட்டையாகக் கிடக்கிறது. அது புத்தகம் என்று சொன்னால்தான் தெரியும்.

இரண்டாவது முயற்சி: சார்ட்டே வேண்டாம் என்று, படங்களை ஷீட்டில் நேராக வைத்து, மூலையைப் பிடித்து இழுத்து அளவு மாற்றினேன். கதை 940, வரலாறு 310, ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் கதைப் புத்தகத்தை மூன்று மடங்கு உயரமாக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேலாளர் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "வரலாற்றை யாருமே தொடுவதில்லையா?" 310 பேர் எடுத்திருக்கிறார்கள் என்றேன். "படத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்றார். எங்கே தப்பு செய்தேன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

படம் நீளாமல், கணக்கும் தப்பாமல் செய்ய வழி இருக்கிறதா? பிரின்டர் கறுப்பு வெள்ளை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெழுத்து எழுதியது:

கணக்குப் பிரிவில் நிறைய வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் நான். உங்கள் இரண்டாவது முயற்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மேலாளர் கேட்டது சரியான கேள்வி.

மூலையைப் பிடித்து இழுக்கும்போது உயரம் மட்டும் மூன்று மடங்கு ஆவதில்லை, அகலமும் ஆகிறது. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. காகிதத்தில் கதைப் புத்தகம் பிடிக்கும் இடம் வரலாற்றுப் புத்தகத்தைப் போல ஒன்பது மடங்கு. கண் உயரத்தை ஸ்கேல் வைத்து அளப்பதில்லை, பரப்பைத்தான் பார்க்கிறது. இதையே பருமனான முப்பரிமாணப் பெட்டியாக வரைந்திருந்தால் இருபத்தேழு மடங்காகத் தோன்றியிருக்கும். பாவம், வரலாறு அதில் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

இந்தச் சிக்கலுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் விடை சொல்லிவிட்டார். ஆஸ்திரியாக்காரர், பெயர் ஓட்டோ நியூராத். வியன்னாவில் 1925இல் சமூக, பொருளாதாரப் புள்ளிவிவரங்களுக்காகவே ஓர் அருங்காட்சியகம் நடத்தினார். பொதுமக்கள் வந்து பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம், கிட்டத்தட்ட உங்கள் அறிவிப்புப் பலகை மாதிரிதான். அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று: அதிகம் என்றால் படத்தைப் பெரிதாக்காதே, எண்ணிக்கையைக் கூட்டு. ஒரு படம் என்றால் இத்தனை என்று சொல்லிவிட்டு, அதே அளவுப் படத்தை அடுக்கிக்கொண்டே போவது. கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் அதற்காக ஆயிரக்கணக்கில் சின்னங்கள் வரைந்து கொடுத்தார். மாரி ரைடமைஸ்டர் என்ற பெண்மணி எண்களை வாங்கி, எதை எப்படி அடுக்கினால் விளங்கும் என்று முடிவு செய்தார். என்னைக் கேட்டால் அந்த மூன்றில் அவர் வேலைதான் கஷ்டமானது, இப்போது நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். பிறகு 1935இல் அந்த முறைக்கு ஐசோடைப் என்று பெயர் வைத்தார்கள்.

இதை எக்ஸெல் தானாகவே செய்யும். இடம் கொஞ்சம் மறைவாக இருப்பதால் பலருக்குத் தெரிவதில்லை. பட்டையில் படத்தை ஒட்டிய பிறகு, அதே பட்டையின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட் டேட்டா சீரிஸ்' போங்கள். பெயின்ட் வாளி படம் போட்ட பகுதியில் 'ஃபில்' இருக்கும். அதில் 'பிக்சர் ஆர் டெக்ஸ்சர் ஃபில்' தேர்வாகியிருக்கும். அதற்குக் கீழே மூன்று வட்டங்கள்: 'ஸ்ட்ரெச்', 'ஸ்டாக்', 'ஸ்டாக் அண்ட் ஸ்கேல் வித்'.

கேட்காமலே வந்து உட்காருவது ஸ்ட்ரெச். உங்கள் ஒட்டடைக்குச்சிக்குக் காரணம் அதுதான். இரண்டாவதான ஸ்டாக் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் ஏமாற்றும். பட்டையின் அகலத்துக்கு ஏற்ப அதுவாக ஓர் அளவை எடுத்துக்கொண்டு அடுக்கும். ஒரு புத்தகம் எத்தனைக்குச் சமம் என்று கேட்டால் பதில் கிடையாது. சார்ட்டை இழுத்துப் பெரிதாக்கினால் புத்தகங்களின் எண்ணிக்கையே மாறிவிடும். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துப் பெட்டியில் 100 என்று போடுங்கள். ஒரு புத்தகம் என்றால் 100 இரவல். கதைக்கு ஒன்பதரைக்குக் கொஞ்சம் குறைவு, வரலாற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல், அறிவியலுக்கு இரண்டே முக்கால் வரும்.

50 போடலாமா என்று தோன்றும். அப்படிச் செய்தால் சிறுவர் பிரிவில் இருபத்துமூன்றரைப் புத்தகம் நிற்கும், யார் எண்ணுவார்கள்? நீளமான பட்டையில் பத்துப் பன்னிரண்டு படம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

அப்புறம் ஒன்று. தூணாக நிறுத்தாமல் படுக்கைப் பட்டையாக மாற்றுங்கள். நியூராத்தின் ஆட்களும் பெரும்பாலும் கிடைவரிசையாகத்தான் அடுக்கினார்கள். எழுத்தைப் படிக்கிற திசையிலேயே படத்தையும் எண்ணிக்கொண்டு போகலாம். பிரிவின் பெயரையும் கழுத்தைச் சாய்க்காமல் வாசிக்கலாம். படம் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிந்தால், அதே பலகத்தில் 'கேப் விட்த்' என்ற சதவீதத்தைக் குறைத்துக் கூட்டிப் பாருங்கள், படம் இயல்பாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். பூஜ்யத்திலிருந்து 500 வரை போகும். சார்ட்டின் ஓரத்தில் எண்கள் வரிசையாக இருக்கும் அச்சு (ஆக்சிஸ்) பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்பதையும் மறக்காமல் பாருங்கள். 200இல் தொடங்க வைத்தால் எல்லா வரிசையிலும் இரண்டு புத்தகம் காணாமல் போய்விடும். கவிதைக்கு வரிசையே இருக்காது.

கட்டம்போட்டசட்டை எழுதியது:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி.

ஐந்தே எண்கள். ஒரு சின்ன அட்டவணை போட்டால் முடிந்தது கதை. சார்ட்டை அழகுபடுத்துகிறேன் என்று ஒருவர் காய்கறி விற்பனைக்குப் பின்னால் தோட்டத்துப் புகைப்படம் வைத்து அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். இலை நடுவே மஞ்சள் கோடு எங்கே போகிறது என்று தேடவே ஐந்து நிமிடம் ஆனது. புள்ளிவிவரப் படங்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிய எட்வர்ட் டஃப்டி இதற்கு 'சார்ட்ஜங்க்' என்று பெயரே வைத்திருக்கிறார், சார்ட்டில் சேரும் குப்பை.

படம் வைத்தே தீர வேண்டும் என்றால், பட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் பிரிவின் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன எமோஜி போடுங்கள். செல்லில் பெயரை அடிக்கும்போது விண்டோஸ் பொத்தானோடு புள்ளியைச் சேர்த்து அழுத்தினால் எமோஜிப் பலகை வரும். செல்லில் இருப்பது சார்ட்டின் அச்சிலும் வந்துவிடும். வண்ணமாக வருமா, வெறும் கோட்டுப் படமாக வருமா என்பது கணினிக்குக் கணினி மாறும். உங்கள் பிரின்டர் கறுப்பு வெள்ளை என்பதால் அது பிரச்சினையில்லை.

எண்ணெழுத்து எழுதியது:

கட்டத்தாரே, தோட்டத்துப் புகைப்படம் விஷயத்தில் நான் உங்கள் கட்சிதான். ஆனால் பின்னணிப் படமும் எண்ணிக்கைப் படமும் ஒன்றல்ல. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஹரோஸ், கோசாரா, ஃப்ரான்கனேரி என்ற மூவர் 2015இல் வெளியிட்ட ஆய்வு அது. படமே அளவைக் காட்டுகிற சார்ட்டில் வாசிக்கிற வேகமும் கெடவில்லை, நினைவில் நிற்கவும் அது உதவியது. சும்மா அலங்காரத்துக்கு வைத்த படம்தான் கவனத்தைக் கலைத்தது. குருவி செய்வது முதல் வகை.

இன்னொன்று, அட்டவணை அலுவலகத்துக்குச் சரி. சுவரில் ஒட்டுவதை யாரும் படிக்க வருவதில்லை, போகிற போக்கில் பார்ப்பார்கள். முதலில் நிற்க வைக்க வேண்டும்.

கட்டம்போட்டசட்டை எழுதியது:

சுவர் என்பதை நான் கவனிக்கவில்லை. சுவருக்கு என்றால் சரி. ஆனால் பட்டையின் நுனியில் எண்ணை எழுதுங்கள், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டே முக்கால் புத்தகத்தைப் பார்த்து யாரும் 275 என்று சொல்லப்போவதில்லை.

திறந்தஜன்னல் எழுதியது:

எக்ஸெல் இல்லாதவர்கள் யாராவது இதைத் தேடி வருவார்கள், அவர்களுக்காக.

லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் பட்டையை டபுள் கிளிக் செய்து 'ஏரியா' தாவலில் 'இமேஜ்' தேர்ந்தால் படத்தை நிரப்பலாம். கோட்டு வரைபடம் என்றால் 'லைன்' தாவலில் புள்ளிக்குப் பதிலாக நம் கோப்பிலிருந்தே சின்னம் எடுத்துப் போடலாம்.

கூகுள் ஷீட்ஸில் பட்டைக்குள் படம் போடும் வசதி இல்லை. அங்கே நான் சார்ட்டை விட்டுவிட்டு செல்லிலேயே வரைந்துவிடுவேன். 'ரெப்ட்' என்று ஒரு ஃபங்ஷன், ஓர் எழுத்தை எத்தனை முறை சொல்கிறோமோ அத்தனை முறை திருப்பி எழுதும். முதலில் மேற்கோள் குறிக்குள் புத்தக எமோஜி, அடுத்து எண் இருக்கும் செல்லை 100ஆல் வகுத்தது. அவ்வளவுதான், செல் முழுக்கப் புத்தகம் வரிசைகட்டும். எண் மாறினால் வரிசையும் மாறும். எக்ஸெலிலும் இதே வேலை செய்யும்.

ஒரே ஒரு பொறி. ரெப்ட் பின்னத்தை அப்படியே வெட்டிப் போட்டுவிடும். அறிவியல் 275 என்றால் இரண்டு புத்தகம்தான் வரும். கவிதை 90க்கு ஒன்றுமே வராது, காலி செல். அதனால் உள்ளே 'ரவுண்ட்' சேர்த்து முழு எண்ணாக்கிவிடுங்கள். அப்போது அறிவியல் மூன்று, கவிதை ஒன்று.

நூலகக்குருவி எழுதியது:

எண்ணெழுத்து ஐயா, ஸ்டாக் அண்ட் ஸ்கேல் போட்டதும் என்னை அறியாமல் "அட" என்று சொல்லிவிட்டேன், பக்கத்து மேஜையில் திரும்பிப் பார்த்தார்கள். ஒட்டடைக்குச்சி போயே போச்சு. பரப்பு விஷயத்தையும் மேலாளரிடம் சொன்னேன். "அதைத்தானே நான் கேட்டேன்" என்றார். இருக்கட்டும்.

ஆனால் புதிதாக நாலு தொல்லை. புத்தகங்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு ஒரே சுவராகத் தெரிகின்றன. ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் வெள்ளைச் சதுரம் வேறு, சாம்பல் பின்னணியில் பல்லிளிக்கிறது. படுக்கைப் பட்டையாக மாற்றியதும் வரிசை தலைகீழாகி, கவிதை மேலேயும் சிறுவர் பிரிவு அடியிலும் போய்விட்டது. நேற்று வரை குட்டியாக இருந்த ஃபைல் இன்று மெயிலில் ஏறவே மறுக்கிறது.

எண்ணெழுத்து எழுதியது:

முதல் இரண்டும் கடைசியும் ஒரே காரணத்தால் வருபவை: போனில் எடுத்த புகைப்படம். அதை விட்டுவிடுங்கள். ஒன்றரை அங்குலத்தில் நிற்கப்போகும் படத்துக்கு அத்தனை மெகாபிக்சல் எதற்கு? புகைப்படம்தான் வேண்டும் என்றால் ஒட்டுவதற்கு முன்பே இருநூறு முந்நூறு பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிடுங்கள்.

ஆனால் புகைப்படத்தைவிட நிழலுருவம் நல்லது. எக்ஸெலின் புதிய பதிப்புகளில் 'இன்சர்ட்' மெனுவில் 'ஐகான்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, தேடினால் புத்தகம் கிடைக்கும். அதற்குப் பின்னணியே கிடையாது, அதனால் வெள்ளைச் சதுரமும் வராது. எத்தனை பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறடிக்காது. நிறத்தை ஷீட்டிலேயே மாற்றிவிட்டு அப்புறம் காப்பி எடுங்கள். கறுப்பு வெள்ளைப் பிரின்டரில் புகைப்படம் சேறாகிவிடும். அடர்ந்த ஒற்றை நிற உருவம் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும்.

ஒட்டிக்கொள்வதற்கு வைத்தியம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸெல் படத்தின் முழுச் சட்டத்தைத்தான் 100 என்று எடுத்துக்கொள்கிறது, உள்ளே இருக்கும் உருவத்தை அல்ல. அதனால் படத்தின் வலப்பக்கம் கொஞ்சம் காலியிடம் விட்டு, பிஎன்ஜியாக (காலியிடத்தைக் காலியாகவே வைக்கும் பட வகை) சேமித்து ஒட்டினால், அந்தக் காலியிடமே புத்தகத்துக்குப் புத்தகம் இடைவெளியாகிவிடும். படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

தலைகீழ் வரிசை எக்ஸெலின் பழைய குணம். ஷீட்டில் முதல் வரி, படுக்கைப் பட்டையில் அடியில் போகும். பெயர்கள் இருக்கும் அச்சை ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட் ஆக்சிஸ்' போய், 'கேடகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்பதை டிக் செய்யுங்கள். எண்கள் இருக்கும் அச்சு மேலே தாவிவிடும், பதறாதீர்கள். பட்டை நுனியில் எண் எழுதியாகிவிட்டால் அந்த அச்சையே அழித்துவிடலாம், கோடுகளையும் சேர்த்து.

திறந்தஜன்னல் எழுதியது:

பிரிவுக்கு ஒரு படம் வைக்க ஆசை வந்தால்: பட்டையை ஒருமுறை கிளிக் செய்தால் எல்லாப் பட்டையும் தேர்வாகும். கொஞ்சம் பொறுத்து அதே பட்டையை இன்னொருமுறை கிளிக் செய்தால் அது மட்டும் தேர்வாகும். அப்போது ஒட்டினால் அதற்கு மட்டும் படம் மாறும். ஒவ்வொன்றிலும் 100 என்பது அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷத்துக்கு இன்னொன்று. இலக்கு என்று ஓர் எண் இருந்தால் அதை இரண்டாவது சீரிஸாக, அதாவது சார்ட்டில் இன்னொரு எண் தொகுப்பாகப் போட்டு, அதற்கு வெளிறிய சாம்பல் புத்தகம், உண்மை எண்ணுக்குக் கறுப்புப் புத்தகம். 'சீரிஸ் ஓவர்லாப்' 100 கொடுத்தால் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். பத்துச் சாம்பல் புத்தகத்தில் ஏழு நிரம்பியிருக்கிற மாதிரி தெரியும். பட்டியலில் பின்னால் வருகிற சீரிஸ்தான் மேலே நிற்கும், அதனால் இலக்கை முதலில் வையுங்கள்.

நூலகக்குருவி எழுதியது:

ஐகான் போட்டேன், ஒரே புத்தகம் எல்லாப் பிரிவுக்கும். ஐந்து விதப் படம் வைத்துப் பார்த்தேன், ராட்டின விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. வலப்பக்கம் காலியிடமும் விட்டேன். கீழே "ஒரு புத்தகம் = 100 இரவல்" என்று எழுதி, நுனியில் எண்களும் போட்டாயிற்று. ஃபைல் மெயிலில் போய்விட்டது.

ஒரு சந்தேகம் மட்டும். காலியிடம் விடுவதற்கு முன்னால் கவிதையில் புத்தகத்தின் வலது ஓரம் லேசாக வெட்டுப்பட்டிருந்தது, 90 என்பதால் சரி என்று விட்டுவிட்டேன். இப்போது பார்த்தால் கவிதையில் முழுப் புத்தகம் நிற்கிறது. நான் எண்ணை மாற்றவில்லை. இது எப்படி?

கட்டம்போட்டசட்டை எழுதியது:

இதைக் கவனித்தீர்களே, கண் கூர்மைதான். வலப்பக்கம் பத்தில் ஒரு பங்கு காலி. 90 என்றால் எக்ஸெல் படத்தின் கடைசிப் பத்தில் ஒரு பங்கை வெட்டுகிறது. வெட்டு விழுந்தது அந்தக் காலியிடத்தில். உங்கள் சார்ட்டில் இப்போது 90க்கும் 100க்கும் வித்தியாசம் தெரியாது. காலியிடத்தைப் பாதியாகப் பிரித்து இரண்டு பக்கமும் வையுங்கள், அப்போது ஓரம் கொஞ்சமாவது வெட்டுப்படும்.

எண்ணெழுத்து எழுதியது:

நான் சொல்லியிருக்க வேண்டியது, விட்டுவிட்டேன். கட்டத்தார் சொன்னபடி செய்யுங்கள். நுனியில் 90 என்று எழுதியிருப்பதால் யாரும் ஏமாறப் போவதில்லை. அந்த எண்ணை எழுதச் சொன்னதும் அவர்தான், நான் இல்லை.

நூலகக்குருவி எழுதியது:

பிரித்தேன். ஓரம் நூல் அளவுக்கு வெட்டுப்பட்டுத் தெரிகிறது, போதும். இன்று காலை பலகையில் ஒட்டினேன். ஒரு சிறுமி விரலை வைத்து சிறுவர் பிரிவுப் புத்தகங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசிப் புத்தகம் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டாள். இன்னும் இருபது பேர் எடுத்திருந்தால் முழுசாகியிருக்கும் என்றேன்.